மெலிந்துபோன ஆக்சலாட்டலுக்குத் தீனி ஊட்டியவர்கள் – ஒரு வரலாறு

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர், இறைவனே வந்து தடுத்தாட்கொண்ட சுந்தரர். இன்னொருவர், கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல். பசியோடு வந்தவரைச் சும்மா அனுப்பாதவர் என்று பெயர் வாங்கியவர் சடையப்பர். அப்படிப்பட்ட ஊருக்கும், பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மெக்சிகோ நாட்டு ஏரியில் வாழும் ஒரு சின்ன விலங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் பசிதான். விழுப்புரம் மாவட்டத்து வெயிலில், ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டியில் ஆக்சலாட்டல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சித்திரை பிறந்ததும் அது தீனியைத் தொடாது. வயிறு ஒட்டிப்போகும். தலை மட்டும் பெரிதாகத் தெரியும். வைத்திருப்பவர் என்ன செய்வார்? தீனியை மாற்றுவார், இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். அங்கேதான் தப்பு. மெலிந்த ஆக்சலாட்டலை எப்படித் தேற்றுவது என்பது ஒரு நாளில் யாருக்கும் தெரிந்துவிடவில்லை. 160 ஆண்டுகளாகப் பலர் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பாடம் அது. அந்தப் பாடத்தின் கதைதான் இந்தக் கட்டுரை.

யார் இந்த ஆக்சலாட்டல்?

பார்த்தால் காலும் வாலும் உள்ள மீன் மாதிரி இருக்கும். ஆனால் மீன் இல்லை. தவளையின் உறவுக்காரன், சாலமாண்டர் வகை. தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் உண்டல்லவா? சாலமாண்டருக்கும் அப்படி ஒரு இளம்பருவம் உண்டு. மற்ற சாலமாண்டர்களில் பெரும்பாலானவை வளர்ந்ததும் செவுளை உதிர்த்துவிட்டுக் கரையேறிவிடும். ஆக்சலாட்டல் மட்டும் வளர மறுத்த பிள்ளை போல, தலையின் இரு பக்கமும் மூன்று மூன்று செவுள்களோடு தண்ணீரிலேயே வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே முடிந்துவிடும். கால் வெட்டுப்பட்டால் கால் முளைக்கும், வால் போனால் வால் முளைக்கும். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்ப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் எத்தனை உறுப்பு முளைத்தாலும், வயிற்றுக்கு வேண்டியது மட்டும் வெளியிலிருந்துதான் வரவேண்டும்!

தமிழ்நாட்டில் இயற்கையாகச் சாலமாண்டர் எதுவும் கிடையாது. இந்தியாவிலேயே டார்ஜிலிங் போன்ற இமயமலைப் பக்கத்தில்தான் அந்த இனம் உண்டு. அதனால் நம்மிடம் இதற்குப் பாட்டி வைத்தியம் இல்லை. மாடு இளைத்தால் என்ன கொடுப்பது, கோழி சோர்ந்தால் என்ன கொடுப்பது என்று கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆக்சலாட்டல் இளைத்தால் யாரைக் கேட்பது? வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் அதுவே சோறு

மனிதன் ஆக்சலாட்டலுக்குத் தீனி போடுவதற்கு முன்னால், ஆக்சலாட்டலைத் தீனியாகச் சாப்பிட்டான். மெக்சிகோ பள்ளத்தாக்கின் ஏரிகளில் ஆஸ்டெக் மக்கள் அதைப் பிடித்துச் சமைத்தார்கள். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாந்தஸ் 1571 முதல் 1577 வரை அங்கே தங்கிச் செடிகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். உணவாகும் இந்த விலங்கும் அவர் குறிப்புகளில் இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் ஒரு புராணமும் உண்டு. சூரியன் நகர வேண்டுமானால் தெய்வங்கள் எல்லாம் உயிரைக் கொடுக்க வேண்டும் என்றானபோது, ஷோலோட்டல் என்ற தெய்வம் மட்டும் சாகப் பயந்து ஓடியதாம். முதலில் மக்காச்சோளப் பயிராக மாறியது, பிறகு கற்றாழையாக மாறியது, கடைசியில் தண்ணீரில் குதித்து ஆக்சலாட்டலாக மாறியது. அங்கே பிடிபட்டுக் கொல்லப்பட்டது. 'ஆட்ல்' என்றால் அவர்கள் மொழியில் தண்ணீர். தண்ணீரில் ஒளிந்த தெய்வம் என்ற பொருளோடு ஆக்சலாட்டல் என்ற பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள்.

பாரிசுக்கு வந்த 34 பேர்

1860களில் மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் படையெடுப்பின் வழியாக 34 ஆக்சலாட்டல்கள் உயிரோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஆறு, 1864ன் தொடக்கத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஓகுஸ்ட் டுமெரில் என்ற விலங்கியல் பேராசிரியரிடம் வந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் ஐரோப்பிய அறிஞர்கள் பார்த்ததெல்லாம் செத்துப்போன, சாராயத்தில் ஊறிய உடல்கள்தான். ஹம்போல்ட் கொண்டுவந்த உடல்களை அறுத்துப் பார்த்த குவியே, இது ஏதோ ஒன்றின் இளம்பருவமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆனால் உயிருள்ள ஆக்சலாட்டலை எப்படி வைத்துக்கொள்வது என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒரே பெண் விலங்கு பட்டினியால் செத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அது சாகவில்லை. 1865 ஜனவரியில் முட்டையிட்டது. குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் டுமெரிலுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. பெற்றவை அப்படியே இருக்க, பிள்ளைகளில் சில செவுளை இழந்து, நிறம் மாறி, கரையில் வாழும் சாலமாண்டராகிவிட்டன! குவியேவின் சந்தேகம் சரியாகப் போயிற்று.

டுமெரில் தன்னிடம் பெருகியவற்றைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பா முழுவதும் ஆய்வாளர்களுக்கும், வீட்டில் தொட்டி வைத்திருந்த ஆர்வலர்களுக்கும் கொடுத்தார். இன்று உலகத்தில் தொட்டிகளில் வாழும் ஆக்சலாட்டல்களில் மிகப் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்தப் பாரிஸ் தொட்டிதான். ஆறில் ஒன்று வெள்ளை நிறம். இன்று கடைகளில் காணும் வெள்ளை வகையின் வழியும் அங்கேதான் போய் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வளர்க்கப்படும் விலங்குகளில் மிகப் பழையது இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

பன்னிரண்டில் மிஞ்சியது ஐந்து

இந்தக் கதையின் உண்மையான நாயகி ஒரு பெண். பெயர் மரீ ஃபான் சோவின். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், புகழ்பெற்ற விலங்கியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் ஒரு கேள்வியோடு திண்டாடிக்கொண்டிருந்தார். டுமெரிலிடம் தற்செயலாக நடந்த உருமாற்றத்தை வேண்டுமென்றே நடத்த முடியுமா? அவர் முயற்சி பலிக்கவில்லை. விலங்குகளை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று புரிந்தது. சோவின் அம்மையார் அந்த வேலையை ஏற்றார்.

1874 ஜூனில் அவர் சோதனையைத் தொடங்கியபோது கையில் இருந்தவை, பிறந்து எட்டு நாள் மட்டுமே ஆன ஐந்து குஞ்சுகள். அவருக்கு அனுப்பப்பட்டவை பன்னிரண்டு. ஏழு போய்விட்டன. மிஞ்சிய ஐந்தை அவர் சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடிக் கோளத்தில் விட்டார். தண்ணீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினார். முதலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளுப் பூச்சிகளை நிறையப் போட்டார். குஞ்சுகள் வளர வளரக் கொஞ்சம் பெரிய நீர்ப்பூச்சிகளைக் கொடுத்தார். ஐந்தும் பிழைத்தன. பிழைத்தது மட்டுமல்ல, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்தையும் கரையேறும் சாலமாண்டராக மாற்றிக்காட்டினார்.

அவர் கண்ட முடிவு உருமாற்றத்தைப் பற்றியது மட்டும் அல்ல. முட்டையிலிருந்து நலமாக வெளிவந்து, ஒழுங்காகத் தீனி கிடைத்த குஞ்சால்தான் அந்த மாற்றத்தைத் தாங்க முடியும் என்றார். அதையும் அவசரப்படுத்தக் கூடாது, ஒவ்வொன்றின் உடல் தெம்பைப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்றார். இளைத்த விலங்கைத் தேற்றும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் இது: தண்ணீரின் தன்மை, தண்ணீரின் வெப்பம், தீனியின் தரம், தீனியின் அளவு. அந்த வரிசையை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

மாட்டுத் தைராய்டு தந்த பரபரப்பு

அடுத்த திருப்பமும் தீனியால்தான் வந்தது. 1913ல் லாஃப்பெர்கர் என்பவர் ஆக்சலாட்டலுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தபோது அது உருமாறியது. 1920ல் இங்கிலாந்தின் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டுத் தைராய்டை ஊட்டி அதையே செய்துகாட்ட, பத்திரிகைகள் அமுதமே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்கிற அளவுக்கு எழுதித் தள்ளின. உள்ளே போகும் ஒரு துண்டு இறைச்சி ஒரு விலங்கின் உருவத்தையே மாற்றும் என்றால், தீனி என்பது வயிற்றை நிரப்பும் விஷயம் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது. உருமாறிய ஆக்சலாட்டல் பெரும்பாலும் நீண்ட நாள் வாழ்வதில்லை.

அமெரிக்காவில் ரூஃபஸ் ஹம்ப்ரி என்ற ஆய்வாளர் 1935 முதல் பஃபலோ நகரில் ஒரு ஆக்சலாட்டல் கூட்டத்தை வளர்த்தார். 1957ல் அதோடு இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2005ல் அந்தக் கூட்டம் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இன்றைய வளர்ப்பு முறைகளில் பல அந்த வழியில் வந்தவை: குஞ்சுக்கு உப்பளத்து இறால் குஞ்சு, வளர்ந்ததற்குப் புழுவும் உருண்டைத் தீனியும். 2018ல் ஆக்சலாட்டலின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு நீளம்!

சரி, இளைத்ததைத் தேற்றுவது எப்படி?

இந்த 160 ஆண்டு அனுபவத்தைப் பிழிந்தால் கிடைப்பது இதுதான்.

முதலில் கண்ணால் அளவு. மேலிருந்து பார்த்தால் வயிற்றின் அகலம் ஏறக்குறைய தலையின் அகலம் இருக்க வேண்டும். வயிறு குறுகி, தலை துருத்திக்கொண்டு, செவுளின் இழைகள் சுருங்கியிருந்தால் அது பசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, தீனிக்கு முன்னால் தண்ணீர். ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 24ஐத் தாண்டினால் தவிக்கும். விழுப்புரம் பக்கத்தில் கோடையில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 30ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஆனால் விலங்கின் உடலோ அதிகமாக எரிக்கும். பசி போய்விடும், செலவு கூடிவிடும். வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் மாதிரிதான்! அந்த நிலையில் எத்தனை புழு போட்டாலும் தேறாது. மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் இளைத்த விலங்கைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரில் விட்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளைப் பொசுக்கும். தினசரி மாற்றம் அதைத் தடுக்கும்.

மூன்றாவது, தீனி. மண்புழுவை விடச் சிறந்தது இல்லை. பூச்சிமருந்து அடிக்காத நிலத்தில் எடுத்து, கழுவி, சின்னத் துண்டுகளாக நறுக்கித் தர வேண்டும். ஆக்சலாட்டல் மெல்லாது, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும். ஆகவே வாய்க்குள் போகும் அளவு முக்கியம். மண்புழுவை மறுத்தால் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ரத்தப்புழுவில் தொடங்கலாம். ஒரே நாளில் திணிக்கக் கூடாது. சிறிது சிறிதாக, வாராவாரம் எடை பார்த்து ஏற்ற வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கமீன் குஞ்சைப் போடுவது ஆபத்து: நோயும் ஒட்டுண்ணியும் கூடவே வரும், அந்த மீனில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐயும் அழிக்கும். அடியில் கூழாங்கல் போட்டால் தீனியோடு சேர்த்துக் கல்லையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். சில விலங்குகள் இளைப்பது பட்டினியால் அல்ல, இந்த அடைப்பால்தான். இரண்டு வாரமாகியும் தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

இன்னொன்று. ஆக்சலாட்டல் 1975 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினம். இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஏரியே இளைத்தபோது...

இதுவரை சொன்னது தொட்டியில் இருக்கும் ஒரு விலங்கின் கதை. அதே கதை ஒரு முழு இனத்துக்கும் நடந்தது என்பதுதான் வேதனை.

ஆக்சலாட்டலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள ஷோச்சிமில்கோ. ஏரிச் சேற்றை அள்ளி மேடாக்கி, அதில் பயிர் செய்து, மேடுகளுக்கு நடுவே வாய்க்கால் விட்ட விவசாயம் அங்கே. அந்த மேடுகளுக்குச் 'சினாம்பா' என்று பெயர். வாய்க்கால்தான் ஆக்சலாட்டலின் வீடு. ஸ்பானியர் காலத்திலிருந்து ஏரிகளை வடிக்கத் தொடங்கினார்கள். பிறகு ஊற்றுத் தண்ணீரை நகரத்தின் குடிநீருக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் வாய்க்காலுக்கு வந்தது சுத்திகரித்த கழிவுநீர். 1970களில் மக்களுக்கு மலிவான மீன் வேண்டும் என்று கெண்டையையும் திலாப்பியாவையும் விட்டார்கள். அவை ஆக்சலாட்டலின் முட்டையையும் குஞ்சையும் தின்றன, அதன் தீனிக்கும் போட்டிக்கு வந்தன.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1998ல் சுமார் 6000. 2008ல் சுமார் 100. 2014ல் 36. உலகம் முழுக்கத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் இருக்கிறது. சொந்த ஏரியில் விரல் விட்டு எண்ண வேண்டியதாகிவிட்டது!

இதைப் படித்துவிட்டு மெக்சிகோக்காரர்களைக் குறை சொல்லத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திலாப்பியா வேறு யாருமில்லை, நம்ம ஊர் ஜிலேபி கெண்டைதான். 1952ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து குளம் குளமாகப் பரவியது. அதே மலிவான மீன், அதே நல்ல எண்ணம். கெண்டை வகையிலும் 'காமன் கார்ப்' 1939ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. இன்று தென்பெண்ணைப் பக்கத்து ஏரிகளில் தூண்டில் போடும் பிள்ளைகளுக்கு முதலில் மாட்டுவது ஜிலேபிதான். அது வருவதற்கு முன் அந்த ஏரியில் என்னென்ன மீன் இருந்தது என்று வீட்டுத் தாத்தாவைக் கேட்டால் ஒரு பட்டியலே வரும்.

எடை கூடியது

முடிவு சோகமாக இருக்க வேண்டியதில்லை. மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் சம்பிரானோவும் அவரோடு இருப்பவர்களும் சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். சில வாய்க்கால்களின் வாயில் வடிகட்டி வைத்து, அயல் மீன் உள்ளே வராதபடி தடுத்தார்கள். தண்ணீர் தெளிந்தது. பாத்ஸ்குவாரோ என்ற இன்னொரு ஏரிக்கரை ஊரில், டொமினிக்கன் கன்னியாஸ்திரிகள் ஆக்சலாட்டலின் நெருங்கிய உறவான 'அச்சோக்கே'யை மடத்துக்குள்ளேயே தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அவர்கள் இருமல் மருந்து செய்வதற்காகத் தொடங்கியது, இன்று ஏரியில் அருகிப்போன ஒரு இனத்தின் காப்பகமாகிவிட்டது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது: தொட்டியில் பிறந்து, கையால் தீனி வாங்கியே பழகிய ஆக்சலாட்டலுக்கு இரை தேடத் தெரியுமா? 18 விலங்குகளின் உடலில் சிறு ரேடியோ கருவி வைத்து, ஷோச்சிமில்கோவின் ஒரு சினாம்பா வாய்க்காலிலும், நகரத்துக்குள் இருக்கும் ஒரு செயற்கைச் சதுப்பு நிலத்திலும் விட்டார்கள். கண்காணித்த காலம் முழுவதும் அத்தனையும் உயிரோடு இருந்தன. திரும்பப் பிடித்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன! 2025ல் இந்த முடிவு வெளிவந்தது.

யாரும் ஊட்டாமலே எடை கூடியது. காரணம், அவற்றை விடுவதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்திருந்தார்கள். 1874ல் ஐந்து குஞ்சுகளைக் கண்ணாடிக் கோளத்தில் வைத்துக்கொண்டு மரீ ஃபான் சோவின் கண்ட அதே விஷயம்தான்: முதலில் தண்ணீர், அப்புறம் தீனி. ஒரு டப்பாவில் இளைத்துக் கிடக்கும் ஒரு ஆக்சலாட்டலுக்கும், ஒரு ஏரியில் அழிந்துகொண்டிருக்கும் ஒரு இனத்துக்கும் மருந்து ஒன்றே.

சடையப்பரின் ஊரில் இதைச் சொன்னால் புரியாமல் போகாது. வந்தவருக்கு இலை போடுவதற்கு முன்னால் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுப்பதுதானே நம் வழக்கம்?